பத்து வருஷம் போனா சம்பளம் தானா ஏறிடுமா? வெளிநாடு போன தம்பியப் பத்தி கேட்ட தங்கச்சிக்கு

வேலந்தாவளம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்த கேள்வி இது. அவங்க தம்பி கோயம்புத்தூர்ல மெக்கானிக்கல் படிச்சுட்டு அங்கயே ஒரு பம்ப் கம்பெனில ஆறு வருஷம் டிசைன் செக்‌ஷன்ல இருந்தவர். பி.ஆர். (அங்க நிரந்தரமா தங்கி வேலை பாக்கற அனுமதி) கிடைச்சு கனடா போயி ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னமும் டொரண்டோ பக்கத்துல ஒரு வேர்ஹவுஸ்ல பெட்டி தூக்கற வேலைதான். அங்கயே இருபது வருஷமா இருக்கற அவங்க மாமா "நானும் இப்படித்தான்டா ஆரம்பிச்சேன், பத்து வருஷம் பல்லக் கடிச்சுட்டு இரு, நீயும் என்ன மாதிரி ஆயிடுவே"ன்னு சொல்றாராம். வீட்ல அம்மா தோப்பு மேல வாங்கின கடன நினைச்சு ராத்திரி தூங்கறதில்லையாம். மாமா சொல்றது நிஜமா, புதுசா போறவங்க சம்பளம் எத்தன வருஷத்துல அந்த ஊர்க்காரங்க அளவுக்கு வரும், இதுதான் கேள்வி.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம்ங்க. இருபத்தி ரெண்டு வருஷமா எகனாமிக்ஸ் சொல்லிக் குடுக்கறேன். எங்கிட்ட படிச்ச பசங்கள்ல வருஷத்துக்கு நாலஞ்சு பேராவது துபாய், கத்தார், இப்ப கனடா, ஜெர்மனின்னு போயிட்டேதான் இருக்காங்க. எங்க அப்பாவே கம்பத்துல இருந்து பொழப்பு தேடி இந்தப் பக்கம் வந்தவர். அதனால இது எனக்கு வெறும் பாடம் இல்ல, கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

மாமா பொய் சொல்லலைங்க. ஆனா அவர் சொல்றது அவரோட கதை, அத தம்பியோட கதையா நினைச்சுக்கறதுலதான் சிக்கல் இருக்கு. இந்த சிக்கல்ல பெரிய பெரிய பொருளாதார ஆளுங்களே மாட்டி இருக்காங்க, அத மொதல்ல சொல்லிடறேன்.

கஞ்சிக்கோடு இண்டஸ்ட்ரியல் ஏரியா பக்கம் காலைல டீக்கடைல நின்னு பாருங்க. அங்க ஒரு மேஸ்திரி இருப்பாரு, திருவண்ணாமலைல இருந்தோ கள்ளக்குறிச்சில இருந்தோ இருபது வருஷத்துக்கு முன்னாடி வந்தவரு, இப்ப சொந்தமா சென்ட்ரிங் சாமான் வெச்சுருக்காரு, கீழ பத்து பேரு வேலை பாக்கறாங்க. பக்கத்துலயே ஒடிசால இருந்து போன மாசம் வந்த பையன் ஒருத்தன் நிப்பான், ஹெல்ப்பர். இந்த ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல பாக்கறவங்க மனசுல உடனே ஒரு கோடு விழுந்துரும், "ஓ, இன்னைக்கு இப்படி இருக்கறவன் இருபது வருஷத்துல அப்படி ஆயிடுவான்". ஆனா அந்தப் பையன் அந்த மேஸ்திரியோட பழைய போட்டோ இல்லைங்க. அவன் வேற ஊரு, வேற பாஷை, அவன் வந்திருக்கற மார்க்கெட்டே வேற. மேஸ்திரி வந்தப்ப இங்க ஆள் கிடைக்காம தவிச்சுட்டு இருந்தாங்க, இன்னைக்கு அந்தப் பையனுக்கு முன்னாடியே ஆயிரம் பேர் வந்து வரிசைல நிக்கறாங்க.

1978ல பாரி சிஸ்விக்னு ஒரு அமெரிக்க பொருளாதாரக்காரர் இந்த விஷயத்துல ரொம்ப பேர் வாங்கின ஒரு கட்டுரை எழுதினாரு. 1970ம் வருஷத்து அமெரிக்க சென்சஸ எடுத்து, வெளிநாட்டுல பொறந்த வெள்ளைக்கார ஆம்பளைங்க சம்பளத்தையும் அங்கயே பொறந்தவங்க சம்பளத்தையும் வெச்சுப் பாத்தாரு. புதுசா வந்தவங்க அதே வயசு அதே படிப்பு இருக்கற உள்ளூர்க்காரங்கள விட சுமார் 17 சதவீதம் கம்மியா வாங்கறாங்க, 15 வருஷத்துக்குள்ள எட்டிப் பிடிச்சுடறாங்க, 30 வருஷத்துல சுமார் 11 சதவீதம் ஜாஸ்தியாவே வாங்கறாங்கன்னு வந்துச்சு. ஊரை விட்டு கிளம்பறவங்க சாதாரண ஆளுங்க இல்ல, துணிச்சலும் உழைப்பும் ஜாஸ்தி இருக்கறவங்கதான் கிளம்புவாங்க, அதனாலதான் ஜெயிக்கறாங்கன்னு இதுக்கு ஒரு விளக்கமும் வந்துச்சு. கேக்கறதுக்கு சந்தோஷமா இருக்குதுல்ல, நம்ம மாமா சொல்றதும் கிட்டத்தட்ட இதேதான்.

1985ல ஜார்ஜ் போர்ஹாஸ் இதுல கை வெச்சாரு. அவரே கியூபால ஹவானால பொறந்து, 1962ல சின்னப் பையனா அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர், அதனால வந்தேறி வாழ்க்கை அவருக்கு புத்தகத்துல படிச்ச விஷயம் இல்ல. அவர் கேட்டது நான் மேல டீக்கடைல கேட்ட அதே கேள்விதான். ஒரே வருஷத்து சென்சஸ்ல 1950ல வந்தவரும் 1968ல வந்தவரும் ஒன்னா நிக்கறாங்க, 1968 ஆள் 1950 ஆள் மாதிரி ஆவார்னு எதை வெச்சு சொல்றீங்கன்னாரு. நடுவுல 1965ல அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தையே மாத்திடுச்சு, அதுவரைக்கும் முக்கியமா ஐரோப்பால இருந்து வந்துட்டு இருந்தது போயி ஆசியா, லத்தீன் அமெரிக்கான்னு கூட்டமே மாறிடுச்சு. அவர் 1970 சென்சஸையும் 1980 சென்சஸையும் வெச்சு, ஒரே பேட்ச் ஆளுங்களே பத்து வருஷம் கழிச்சு எங்க நிக்கறாங்கன்னு பாத்தப்ப, அந்த ஏத்தம் சிஸ்விக் சொன்ன அளவுக்கு இல்ல, ரொம்பவே கம்மி. புதுசா வர்ற பேட்ச் ஒவ்வொன்னும் முந்தின பேட்சை விட கீழ ஆரம்பிச்சுட்டு இருந்துச்சு, அதுதான் ஒரே போட்டோல பாக்கறப்ப பெரிய ஏணி மாதிரி தெரிஞ்சிருக்கு.

கணக்காவே சொல்றேன், இது புரியறதுக்காக நான் போடற உதாரணம்தான். உள்ளூர்க்காரர் சம்பளம் 100ன்னு வெச்சுக்கோங்க. மாமா வந்த பேட்ச் வந்தப்பவே 90ல ஆரம்பிச்சு, இருபது வருஷத்துல 100க்கு வந்துருச்சு, அப்ப நிஜமான ஏத்தம் 10. இப்ப தம்பி பேட்ச் 70ல ஆரம்பிக்குது. இன்னைக்கு ஒரு போட்டோ எடுத்தா மாமா 100, தம்பி 70, "பாத்தியா இருபது வருஷம் இருந்தா 30 ஏறும்"னு தோணும். நிஜத்துல அந்த ஊர்ல இருபது வருஷம் இருந்ததுக்கு மாமாவுக்கு கிடைச்சது 10 தான். தம்பி அதே வேகத்துல ஏறினா இருபது வருஷத்துல 80ல நிப்பாரு. மாமாவோட சொல்ல நம்பி சும்மா காத்துட்டு இருந்தா வர்ற ஏமாத்தம் அந்த மிச்ச 20 தாங்க.

இன்னொரு பொறி இருக்குது, எனக்கு இதுதான் மனசுல ரொம்ப பதிஞ்சது. அந்த டீக்கடை மேஸ்திரி கூட அன்னைக்கு ஒரே லாரில வந்தவங்க எத்தன பேரு, அதுல எத்தன பேர் இப்ப இங்க இருக்காங்க? எங்க அப்பா கூட வந்தவங்க பதினோரு பேருன்னு அப்பா சொல்லுவாரு, கடைசி வரைக்கும் நின்னது மூணு பேரு. முதுகு வலி தாங்காம, சம்பளம் கட்டுபடி ஆகாம, வீட்ல ஆள் இல்லாமன்னு மத்தவங்க திரும்பிப் போயிட்டாங்க. இருபது வருஷம் கழிச்சு வந்து கணக்கெடுக்கறவங்க கண்ணுக்கு அந்த மூணு பேர் மட்டும்தான் தெரிவாங்க. டேரன் லுபாட்ஸ்கின்னு ஒருத்தர் 2007ல இத அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி ரெக்கார்டு வெச்சே பாத்தாரு, அதாவது ஒரே ஆளோட சம்பளத்த வருஷா வருஷம் விடாம பின்தொடர்ந்து போற ரெக்கார்டு. வந்தவங்க சம்பளம் முதல் இருபது வருஷத்துல உள்ளூர்க்காரங்க சம்பளத்தோட ஒப்பிட்டா 10ல இருந்து 15 சதவீதம்தான் நெருங்குது, சென்சஸ்களை அடுத்தடுத்து வெச்சு போட்ட கணக்குல வர்றதுல கிட்டத்தட்ட பாதிதான் அது. காரணம், கம்மி சம்பளம் வாங்கினவங்க ஊர் திரும்பிப் போயிடறாங்க, நின்னவங்க சராசரி தானா மேல போயிடுது.

நூறு வருஷத்துக்கு முன்னாடி கதையும் இப்படித்தான் இருந்திருக்குது. ஐரோப்பால இருந்து கப்பல் கப்பலா அமெரிக்கா போனவங்க வெறுங்கையோட போயி கிடுகிடுன்னு ஏறினாங்கன்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா இருக்குது. ரன் அப்ரமிட்ஸ்கி, லியா பூஸ்தான், காத்ரின் எரிக்சன் மூணு பேரும் சேர்ந்து 1900, 1910, 1920 சென்சஸ்ல அதே ஆளுங்களோட பேரைத் தேடிப் பிடிச்சு கோத்துப் பாத்து 2014ல எழுதினாங்க. அங்கயே நின்னவங்கள சராசரியா பாத்தா ஆரம்பத்துல பெரிய பள்ளமும் இல்ல, பின்னாடி பெரிய பாய்ச்சலும் இல்ல, உள்ளூர்க்காரங்க ஏறின வேகத்துலயேதான் இவங்களும் ஏறி இருக்காங்க. எந்த நாட்டுல இருந்து வந்தாங்கங்கறத பொறுத்து வித்தியாசம் நிறைய இருந்துச்சு, அது வேற.

இத்தனையும் சொல்றது தம்பிக்கு நம்பிக்கை இல்லாம பண்றதுக்காக இல்லைங்க. சம்பளம் ஏறத்தான் செய்யுது, அது எல்லா ஆராய்ச்சிலயும் வருது. ஆனா காலண்டர் கிழிக்கறதால ஏறறதில்ல, அந்த வருஷங்கள்ல கையில என்ன சேருதோ அதுனால ஏறுது. மொதல்ல பாஷை சேரும், அப்புறம் அந்த ஊர்ல செல்லுபடி ஆகற ஒரு சர்டிபிகேட், அப்புறம் வேலைக்கு ஆள் கேட்டா நம்ம பேரைச் சொல்ற நாலு மனுஷங்க. இதுல எதுவும் சேராம பத்து வருஷம் ஓடுச்சுன்னா பத்தாவது வருஷமும் முதல் வருஷம் மாதிரியேதான் இருக்கும்.

பாஷைய பத்தி என் சொந்த அனுபவத்தயே சொல்றேன். நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். கேரளால பொறந்து வளந்தவன்தான், ரேஷன் கார்டுல இருந்து எல்லாமே கேரளாதான், மலையாளம் நல்லா புரியும். டிகிரி முடிச்சதும் எர்ணாகுளத்துல ஒரு கணக்கு ஆபீஸ்ல சேர்ந்தேன். நான் வாயைத் திறந்தா சித்தூர் தாலுக்கா வாசனை அடிக்கும், ‘ழ’வும் ‘ற்ற’வும் நம்ம ஊரு மாதிரி வரும், கிளையன்ட் கிட்ட பேசற வேலை எனக்கு குடுக்க மாட்டாங்க, ரசீது அடுக்கற வேலைதான் வரும். என்னோட அதே நாள் சேர்ந்த கோட்டயத்துக்காரன் ஒன்றரை வருஷத்துல கிளையன்ட் பாக்கப் போயிட்டான், சம்பளமும் ஏறிடுச்சு. எனக்கு அதுக்கு நாலு வருஷம் ஆச்சு. கணக்குல நான் அவனுக்கு எந்த விதத்துலயும் குறைஞ்சவன் இல்ல. ராத்திரி ரூம்ல உக்காந்து மலையாளப் பேப்பர சத்தமா படிப்பேன், ரேடியோ செய்தி கேட்டு கூடவே சொல்லிப் பாப்பேன், அப்படித்தான் அந்த நாலு வருஷம் போச்சு. ஒரே மாநிலத்துக்குள்ள, நல்லா புரியற பாஷைலயே இந்த நிலைமைன்னா கடல் தாண்டி போனவங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க. இப்ப கேரளால எழுத்தறிவு மிஷன் வெளி மாநில தொழிலாளிங்களுக்கு மலையாளம் சொல்லிக் குடுக்க ‘சங்ஙாதி’ன்னு ஒரு திட்டம் வெச்சுருக்காங்க, பெரும்பாவூர்ல ஆரம்பிச்சது. அத பத்தி படிச்சப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா கூலி ஏறறதுக்கு அதை விட நேரான வழி ரொம்ப கம்மி.

அடுத்தது படிப்பு. இங்க வாங்கின டிகிரிக்கு அங்க முழு விலை கிடைக்காது, இது கசப்பான உண்மை. 1990களோட ஆரம்பத்துல சோவியத் யூனியன் உடைஞ்சப்ப இஸ்ரேலுக்கு லட்சக்கணக்குல ஆளுங்க வந்தாங்க, அதுல டாக்டருங்களும் இன்ஜினியருங்களும் ஏராளம். அவங்கள்ல நிறைய பேர் தெரு கூட்டறது, வீடு தொடைக்கறதுன்னுதான் ஆரம்பிச்சாங்க. ரேச்சல் ஃப்ரீட்பெர்க்னு ஒரு பொருளாதாரக்காரர், அதுக்கும் முன்னாடி இஸ்ரேலுக்கு வந்தவங்களோட சென்சஸ் கணக்க எடுத்து 2000ல காமிச்சது என்னன்னா, சொந்த நாட்டுல படிச்ச ஒரு வருஷப் படிப்புக்கும் வேலை அனுபவத்துக்கும் இஸ்ரேல் மார்க்கெட் குடுக்கற விலை, அங்கயே சம்பாதிச்ச படிப்புக்கும் அனுபவத்துக்கும் குடுக்கறத விட ரொம்ப கம்மி. ஆனா அங்கயே கொஞ்சம் படிச்சவங்களுக்கு, பழைய படிப்போட மதிப்பும் சேர்ந்து ஏறிடுது. இந்த ரெண்டாவது பாதிதான் முக்கியம்ங்க. அங்க படிக்கற ஒரு சின்ன கோர்ஸ், இங்க படிச்ச நாலு வருஷத்தையும் தூக்கி விடுது.

கனடால இன்னொரு சுவரும் இருக்குது, அத மறைச்சு பேசக்கூடாது. ஃபிலிப் ஓரியோபூலஸ்னு டொரண்டோ ப்ரொஃபசர் ஒருத்தர் டொரண்டோ ஏரியா வேலை விளம்பரங்களுக்கு ஆயிரக்கணக்குல கற்பனை ரெஸ்யூமே அனுப்பிப் பாத்தாரு, மொத்தம் பதிமூணாயிரம் கிட்ட, 2011ல வெளிவந்த ஆராய்ச்சி. படிப்பு அனுபவம் எல்லாம் ஒரே தரம், பேரு மட்டும் மாத்தினா போதும், இங்கிலீஷ் பேருக்கு வர்ற அளவுக்கு இன்டர்வியூ அழைப்பு இந்தியப் பேரு, பாகிஸ்தான் பேரு, சீனப் பேருக்கு வர்றதில்ல. அனுபவம் வெளிநாட்டுலன்னா இன்னும் குறையுது. அதனால தம்பிக்கு இன்டர்வியூ வரலைன்னா அவருக்கு திறமை இல்லைன்னு அர்த்தம் இல்ல, தயவு செஞ்சு வீட்ல யாரும் அவர்கிட்ட அப்படி பேசாதீங்க. போன்ல அம்மா கேக்கற "இன்னும் கிடைக்கலையா"ங்கற ஒரு வார்த்தை அங்க ராத்திரி ஷிப்ட் முடிச்சு படுக்கறவருக்கு எவ்ளோ வலிக்கும்னு எங்கிட்ட படிச்ச பசங்க சொல்லி கேட்டுருக்கேன்.

அப்புறம் வந்து சேர்ற நேரம். கனடால 1980கள்லயும் 1990கள்லயும் வந்த பேட்சுங்க முந்தின பேட்சுங்கள விட கீழதான் ஆரம்பிச்சாங்க, 1990களோட ஆரம்பத்துல அங்க பெரிய மந்தம் வேற. 2001ல ஐ.டி. குமிழி உடைஞ்சப்ப கம்ப்யூட்டர் இன்ஜினியரா போயி இறங்கினவங்க நிறைய பேர் அடி வாங்கினாங்க. மோசமான வருஷத்துல போயி இறங்கினவங்களுக்கு அந்தத் தழும்பு பல வருஷம் இருக்கும்னு ஸ்வீடன் கணக்குலயும் வந்திருக்கு. இப்போ பத்துப் பன்னண்டு வருஷமா அங்க பி.ஆர். வாங்கறவங்கள்ல நிறைய பேர் ஏற்கனவே அங்க படிச்சோ வேலை பாத்தோ இருந்தவங்க, அவங்க ஆரம்ப சம்பளமே ஜாஸ்தி. தம்பி மாதிரி நேரா இங்க இருந்து பி.ஆர்.ல போனவர் அந்தக் கூட்டத்தோட போட்டி போடறாரு. மாமாவுக்கு அன்னைக்கு இந்தப் போட்டி இவ்ளோ இல்ல.

சரி, இதுல நல்ல சேதி எங்க இருக்குன்னா, கீழ ஆரம்பிச்சவங்க எல்லாரும் கீழயே நிக்கறதில்ல. ஹாரியட் டுலீப், மார்க் ரெகெட்ஸ்னு ரெண்டு பேர் காமிச்ச விஷயம் இது, ஆரம்ப சம்பளம் கம்மியா இருக்கற கூட்டத்துக்கு பெரும்பாலும் ஏறற வேகம் ஜாஸ்தி. காரணமும் நியாயமானதுதான். கம்மி சம்பளத்துல இருக்கறவருக்கு ஒரு செமஸ்டர் படிக்கறதுக்காக வேலை நேரத்த குறைச்சுக்கறதுல இழப்பு கம்மி, அதனால அவர் புதுசா கத்துக்கறதுல துணிஞ்சு இறங்கறாரு. அதாவது வேர்ஹவுஸ் சம்பளத்துல இருக்கற இந்த ரெண்டு மூணு வருஷம்தான் படிக்கறதுக்கு மலிவான காலம். ஓவர்டைம்ல கை நிறைய வர ஆரம்பிச்சு, அப்புறம் வண்டி லோன், வீட்டு லோன்னு மாட்டினா வெளிய வர்றது கஷ்டம். எனக்கு தெரிஞ்ச நல்லா படிச்ச பசங்க ரெண்டு பேர் இப்படித்தான் நின்னு போயிட்டாங்க.

இந்த எடத்துல கல்ஃப் கதையயும் சொல்லணும், ஏன்னா நம்ம பாலக்காட்டு பக்கம் வெளிநாடுன்னா எல்லார் மனசுலயும் மொதல்ல வர்றது அதுதான், அம்மாவும் அனேகமா அத வெச்சுத்தான் தம்பியோட நிலைமைய அளக்கறாங்க. திருவனந்தபுரத்துல இருக்கற சி.டி.எஸ்.ங்கற ஆராய்ச்சி நிறுவனம் 1998ல ஆரம்பிச்ச கேரளா மைக்ரேஷன் சர்வேயோட 2023 கணக்குப்படி கேரளாக்காரங்க சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டுல, பெரும்பாலும் கல்ஃப்ல. அங்க போனவங்க முதல் வருஷத்துல இருந்தே வீட்டுக்கு பணம் அனுப்புவாங்க. தம்பி அனுப்பறது அதை விட கம்மியா இருக்கலாம். ஆனா கல்ஃப்ல சம்பளம் விசாவோட கட்டிப் போட்டது, கஃபீல், அதாவது விசாவுக்கு பொறுப்பேத்துக்கற முதலாளி, விட்டாத்தான் வேலை மாறலாம்ங்கற முறை ரொம்ப காலம் இருந்துச்சு, இப்ப சில நாடுகள்ல கொஞ்சம் தளர்த்தி இருக்காங்க. எத்தன வருஷம் இருந்தாலும் குடியுரிமை கிடையாது, வேலை போச்சுன்னா கிளம்பணும். எங்க சித்தப்பா மகன் ஷார்ஜால பதினாறு வருஷம் ஏ.சி. மெக்கானிக், திரும்பி வந்தப்ப அவன் வாங்கிட்டு இருந்த சம்பளம் அஞ்சாவது வருஷ சம்பளத்துல இருந்து பெருசா நகரல. அவன் வேலைல குறையே இல்ல, அங்க ஏறறதுக்கு படி இல்ல, அவ்ளோதான். கனடால ஆரம்பம் பள்ளம், ஆனா படி இருக்குது. வேலைய விட்டு வேலை மாறலாம், படிக்கலாம், லைசென்ஸ் வாங்கலாம், யார் கிட்டயும் என்.ஓ.சி. கேக்க வேண்டாம். இந்த ரெண்டையும் ஒரே தராசுல வெக்கக் கூடாதுங்க.

தராசுன்னு சொன்னதும் இன்னொன்னு. யாரோட ஒப்பிடறோம்ங்கறதுலயே பதில் மாறும். நம்ம ஊர்ல வந்து வேலை பாக்கற வங்காள, ஒடிசா பசங்களயே எடுத்துக்கோங்க. ரிசர்வ் பேங்க் புள்ளிவிவரத்துல 2022-23ல கேரளா கிராமப்புற கட்டட வேலைக்கு ஒரு நாள் கூலி சராசரி 850 ரூபாய தாண்டிடுச்சு, இந்தியா சராசரி 400க்கும் கீழ. அந்தப் பையன் இங்க உள்ளூர் ஆளை விட கம்மியா வாங்கினாலும் அவன் ஊரை விட ஜாஸ்தி, அதனால இங்கயே நிக்கறான். அவன் மனசுல ஓடற கணக்கு ஊர்ல இருக்கற அண்ணனோடதான், பக்கத்துல நிக்கற மலையாளி மேசனோட இல்ல. தம்பி விஷயத்துல அம்மா டாலர ரூபாயாக்கி பாக்கறாங்க, மாமா தன்னோட பாக்கறாரு, தம்பி அனேகமா தன்னோட கோயம்புத்தூர் கேபினையும் டிசைன் டேபிளையும் நினைச்சுப் பாப்பாரு. மூணும் வேற வேற கணக்கு. ஆராய்ச்சிக்காரங்க பாக்கறது நாலாவது, அதே வயசு அதே படிப்பு இருக்கற கனடாக்காரரோட. எட்டிப் பிடிக்கறதுன்னா அவரை எட்டிப் பிடிக்கறதுதான். விலைவாசியோட சேர்ந்து சம்பளம் வருஷா வருஷம் ஏறறத எட்டிப் பிடிக்கறதுன்னு எடுத்துக்கக் கூடாது, உள்ளூர்க்காரருக்கும் அது ஏறிட்டுத்தான் இருக்கும்.

இன்னொரு சந்தேகமும் அந்தத் தங்கச்சி கேட்டிருந்தாங்க, தம்பி தமிழ் ஆளுங்க இருக்கற ஏரியாவுலயே இருக்கறது நல்லதா கெட்டதான்னு. எங்க அப்பா மாதிரி ஆளுங்களுக்கு அது உயிர் காத்த விஷயம்ங்க. கொச்சில வாத்துருத்தின்னு ஒரு காலனி இருக்கு, நம்ம தமிழ் ஆளுங்க வருஷக்கணக்கா இருக்கற எடம், புதுசா வர்றவனுக்கு படுக்க எடமும் மறுநாள் வேலையும் அங்கதான் கிடைக்கும். ஸ்வீடன் 1985ல இருந்து அகதிகள இந்த ஊர் அந்த ஊர்னு அரசாங்கமே பிரிச்சு அனுப்புச்சு, அத வெச்சு மூணு பேர் 2003ல பாத்தப்ப, படிப்பு கம்மியா இருந்தவங்களுக்கு சொந்த நாட்டு ஆளுங்க நிறைய இருக்கற எடத்துல விழுந்தது சம்பளத்துக்கு நல்லதா போயிருக்கு. ஆனா தம்பி படிச்சவர், அவருக்கு அந்த வட்டம் முதல் வருஷத்துக்கு தங்க எடமும் சாப்பாடும் குடுக்கும், இன்ஜினியர் வேலைக்கு வழி காட்டாது. வேர்ஹவுஸ்ல கூட நிக்கறவங்க எல்லாரும் நம்ம ஆளுங்கன்னா அவரோட இங்கிலீஷும் அங்கயே நின்னுடும். வீடு அங்க இருக்கட்டும், பழகற ஆளுங்க வெளியவும் இருக்கட்டும், அதுதான் என் அபிப்ராயம்.

இப்ப தம்பிக்கு நேரா. ஒன்டாரியோல லைசென்ஸ் இல்லாம தன்ன ‘இன்ஜினியர்’னு சொல்லிக்கக் கூடாது, பி.இ.ஓ.ங்கற அமைப்புதான் அந்த லைசென்ஸ் குடுக்கறது. முன்னாடி அதுக்கு கனடாலயே ஒரு வருஷ அனுபவம் வேணும்னு இருந்துச்சு, அந்த முட்டுக்கட்டைலதான் நம்ம பசங்க நிறைய பேர் வருஷக்கணக்கா நின்னாங்க, ஏன்னா லைசென்ஸ் இல்லாம அனுபவம் கிடைக்காது, அனுபவம் இல்லாம லைசென்ஸ் கிடைக்காது. 2013லயே ஒன்டாரியோ மனித உரிமை கமிஷன் ‘கனடா அனுபவம்’ கேக்கறது பாரபட்சம்னு சொல்லிடுச்சு, அப்புறம் மாகாணம் சட்டமே கொண்டு வந்துச்சு, 2023 மே மாசம் பி.இ.ஓ. அந்த நிபந்தனைய எடுத்துருச்சு. அதனால தம்பியோட ஆறு வருஷ பம்ப் டிசைன் அனுபவத்துக்கு இப்ப ஒரு வாசல் இருக்குது, மாமா காலத்துல அது இல்ல. இந்த ஒரு விஷயத்துல தம்பி மாமாவ விட அதிர்ஷ்டசாலி. லைசென்ஸ் வர்ற வரைக்கும் டிசைன் சாஃப்ட்வேர் வேலை, குவாலிட்டி வேலை, பம்ப் சர்வீஸ் கம்பெனி, இப்படி தன் தொழிலுக்கு பக்கத்து வேலையா தேடச் சொல்லுங்க, சம்பளம் வேர்ஹவுஸ் அளவே இருந்தாலும் பரவால்ல. வேர்ஹவுஸ் அனுபவம் ரெஸ்யூமேல எதையும் சேர்க்காது, பம்ப் கம்பெனில ஹெல்ப்பர்னு இருந்தாலும் சேர்க்கும். கையால வேலை செய்ய கூச்சம் இல்லைன்னா மில்ரைட்னு ஒரு தொழில் இருக்கு, மெஷின் பிடிச்சு நிறுத்தறது, பேரிங் மாத்தறது, அலைன்மென்ட் பாக்கறது, அப்ரன்டிஸா சேர்ந்து ரெட் சீல் சர்டிபிகேட் வாங்கினா கனடா முழுக்க செல்லும். கோயம்புத்தூர்ல பம்ப் பாத்த கைக்கு அது தூரமான தொழில் இல்ல. நம்ம ஊர்ல இன்ஜினியர் பையன் ஸ்பேனர் பிடிக்கறதான்னு பேசுவாங்க, அத காதுல போட்டுக்காதீங்க.

வருஷக் கணக்கு கேட்டீங்க, என் மனசுல பட்டத சொல்றேன். தொழிலுக்கு பக்கத்து வேலைக்கு ஒரு ரெண்டு மூணு வருஷத்துல மாறிட்டாருன்னா, பத்து பன்னண்டு வருஷத்துல இடைவெளி நல்லாவே குறையும், முழுசா மூடும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். மாறலைன்னா மாமா சொல்ற பத்து வருஷம் ஒன்னும் பண்ணாது. ஆனா அவரோட புள்ளைங்க கதை வேற மாதிரி போகும். அப்ரமிட்ஸ்கியும் பூஸ்தானும் இன்னும் ரெண்டு பேரும் 2021ல அமெரிக்கா கணக்குல காமிச்சாங்க, கீழ்த்தட்டுல இருக்கற வந்தேறிங்களோட புள்ளைங்க, அதே தட்டுல இருக்கற உள்ளூர்க்காரங்க புள்ளைங்கள விட மேல போறாங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடியும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான். எங்க அப்பா கூலியாவே இருந்தாரு, நான் இங்க போர்டுல எழுதிட்டு நிக்கறேன், அதனால இது எனக்கு ஆராய்ச்சி சொல்லித்தான் தெரியணும்னு இல்ல.

கடன் விஷயம். தோப்பு மேல வாங்கினத தம்பி ரெண்டே வருஷத்துல அடைக்கணும்னு அழுத்தாதீங்க, அந்த அழுத்தத்துலதான் ஓவர்டைம் பாத்து படிப்ப விடறாங்க. வட்டி மட்டும் இங்க நீங்க சமாளிக்க முடியுமான்னு பாருங்க, அசலுக்கு பேங்க்ல போயி மேனேஜர்கிட்ட கால அவகாசம் கேட்டு எழுதிக் குடுங்க. மாமாகிட்ட அடுத்த தடவை போன் வர்றப்ப, அவர் கூட அந்த வருஷம் வந்தவங்க எத்தன பேரு, இப்ப யார் யார் எங்க என்ன பண்றாங்கன்னு பொறுமையா கேளுங்க, அவர் எந்த வருஷத்துல எந்த கோர்ஸ் படிச்சாரு, யார் சொல்லி முதல் நல்ல வேலை கிடைச்சுதுன்னும் கேளுங்க. தம்பிக்கு உண்மைல உதவற பதில் அதுலதான் இருக்கும், அவருக்கும் சொல்ல ஆசையாத்தான் இருக்கும்.

அப்புறம் லைசென்ஸுக்கு அப்ளை பண்றதுன்னா இங்க படிச்ச ட்ரான்ஸ்கிரிப்ட் வேணும், அது பெரும்பாலும் காலேஜ்லயோ யுனிவர்சிட்டிலயோ இருந்து நேரா அங்க போகற மாதிரி கேப்பாங்க. அங்க உக்காந்துட்டு மெயில் அனுப்பினா ஆறு மாசம் இழுக்கும். பழைய கம்பெனில அவர் பண்ணின வேலைய விவரமா எழுதி சீனியர் இன்ஜினியர் கையெழுத்து வாங்கறதும் அதே மாதிரிதான், ஆள் ரிட்டயர் ஆகறதுக்குள்ள வாங்கிடணும். தம்பிகிட்ட ஒரு அதாரிட்டி லெட்டர் எழுதி கையெழுத்து போட்டு அனுப்பச் சொல்லுங்க. வேலந்தாவளத்துல பஸ் ஏறினா கோயம்புத்தூர் ஒரு மணி நேரம்தான், அந்த வேலைய நீங்களே ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுத்துடலாம். எந்த ஃபார்ம்ல என்ன எழுதணும்னு குழப்பமா இருந்தா கொழிஞ்சாம்பாறைக்கு கொண்டு வாங்க, உக்காந்து பாத்துடலாம்.